வயிறு நிறைந்த பிறகும் வாய் ஏன் கேட்கிறது?

மதியம் வயிறாரச் சாப்பிட்டாயிற்று. சாம்பார், ரசம், மோர் என்று ஒன்றிலும் குறை இல்லை. ஆனாலும் நாலு மணிக்குத் தெருமுனைக் கடையில் வாழைக்காய் பஜ்ஜி போடும் வாசனை வந்தால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. பசி இல்லை என்று நமக்கே தெரியும். இருந்தும் வாய் நமநமவென்று இருக்கிறது. வாங்கித் தின்று முடித்துக் கையைத் துடைக்கும்போது, 'இப்ப எதுக்கு இது?' என்று ஒரு கேள்வி எழும். மனக்கட்டுப்பாடு இல்லாதவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று பலரும் நினைக்கிறார்கள். உடம்பும் மூளையும் இதில் என்ன செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், தன்னையே திட்டிக்கொள்வதற்குப் பெரிதாக வேலை இருக்காது.

அடிப்படையான விஷயம் இதுதான். ஒரு பண்டத்தை 'இப்போதே வேண்டும்' என்று நாடுவதும், அதை வாயில் போட்டு ரசிப்பதும் மூளையில் நடக்கும் இரண்டு வேறு வேலைகள். பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறோம். இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் நல்ல சாப்பாட்டை இன்னும் நன்றாக அனுபவிக்கலாம். மனதில் தோன்றுகிற ஒவ்வொரு ஆசைக்கும் பின்னால் ஓட வேண்டியதும் இல்லை.

பசி வேறு, ஆசை வேறு

பசியை முதலில் பார்த்துவிடலாம், அது எளிது. வயிறு காலியாக ஆக, இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். 1999-இல் ஜப்பானைச் சேர்ந்த மசயாசு கொஜிமா, கென்ஜி கங்காவா குழுவினர் கண்டுபிடித்தது இது. ரத்தத்தோடு மூளைக்குப் போய்ச் சாப்பாட்டை நினைவுபடுத்துவது இதன் வேலை. சாப்பிட்டதும் குறைந்துவிடும். இன்னொரு பக்கம், உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருப்பில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்ல லெப்டின் என்ற ஹார்மோன் இருக்கிறது. 1994-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதைக் கண்டறிந்தது. உணவு குடலுக்குள் வந்ததும் அங்கிருந்தும் 'போதும்' என்ற செய்தி கிளம்பும். அது சரியாகப் போய்ச் சேரக் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகலாம். அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்கள் அதற்குள் தேவைக்கு மேல் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

பசி மெல்ல மெல்ல ஏறும், எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். நல்ல பசியில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் தேவாமிர்தம். திடீர் ஆசை அப்படி இல்லை. சட்டென்று வரும், ஒரு குறிப்பிட்ட பண்டத்தையே கேட்கும். பஜ்ஜி கேட்கிற வாய்க்கு இட்லி கொடுத்துச் சமாதானம் செய்ய முடியாது. ஆகவே சந்தேகம் வந்தால், 'இப்போது ரெண்டு இட்லி வைத்தால் சாப்பிடுவேனா?' என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி, தாராளமாகச் சாப்பிடலாம். இட்லியெல்லாம் வேண்டாம், பஜ்ஜிதான் வேண்டும் என்றால் அது ஆசை. இரண்டும் கலந்து வருகிற நேரமும் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நேரம் நெருங்கும்போதே கிரெலின் ஏறத் தொடங்கிவிடும். நாலு மணிக்கு நாள் தவறாமல் டீயும் வடையும் என்று பழக்கினால், நாலு மணிக்கு உடம்பே அதை எதிர்பார்க்கும்.

ரசித்தும் நாடாத எலிகள்

1954-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் மூளையின் அந்த இடத்துக்குச் சின்னதாக மின்சாரம் பாயும். எலிகள் திரும்பத் திரும்ப, ஓயாமல் அழுத்தின. மூளையின் இன்ப மையம் கிடைத்துவிட்டது என்று அப்போது பேசப்பட்டது. டோபமின் என்ற ரசாயனம்தான் இன்பத்தைத் தருகிறது என்ற பேச்சும் பின்னால் இதன் தொடர்ச்சியாகவே வந்தது. இன்றைக்கும் அப்படித்தான் பல இடங்களில் எழுதுகிறார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் இதைச் சோதித்துப் பார்த்தபோது கதை மாறியது. எலிக்கும் கைக்குழந்தைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நாக்கில் இனிப்பு பட்டால் இரண்டும் உதட்டைச் சப்புக்கொட்டி நக்கும். கசப்பு பட்டால் வாயைப் பிளந்து முகத்தைச் சுளிக்கும். வாய் பேசாத உயிர் ஒன்றை ரசிக்கிறதா இல்லையா என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். பெரிட்ஜ் குழு எலியின் மூளையில் டோபமின் நரம்புகளை ஏறத்தாழ முழுக்க அழித்துப் பார்த்தது. அந்த எலிகள் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டன. முன்னால் உணவு இருந்தும் தொடவில்லை, குழாய் வழியாக ஊட்டித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அவற்றின் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டபோது, மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கி ரசித்தன!

ருசி தெரிகிறது, பிடித்தும் இருக்கிறது, ஆனால் எழுந்து போய் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. எடுக்கத் தூண்டும் சக்திதான் டோபமின் என்பது இதிலிருந்து துலங்கியது. மறுபக்கமும் பார்த்தார்கள். டோபமின் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்யும்படி வளர்க்கப்பட்ட எலிகள் இனிப்பை நோக்கி வேகமாக ஓடின, ஆனால் தின்னும்போது கூடுதலாக ரசித்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. ரசிப்புக்கான இடங்கள் மூளையில் மிகச் சிறியவை. எலியின் மூளையில் அவற்றில் ஒன்றின் அளவு ஒரு கன மில்லிமீட்டர்தான். உடம்பே தயாரிக்கும், அபினைப் போன்ற ஓபியாய்டு வகை ரசாயனங்கள் அங்கே வேலை செய்கின்றன. நாட்டத்துக்கான வலைப்பின்னலோ பெரியது, வலுவானது. அதனால்தான் ஆசைப்படுவது நமக்கு இவ்வளவு சுலபமாக வருகிறது என்பது என் புரிதல்.

மனிதர்களிடமும் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் டேவிட் நீல், வெண்டி வுட் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சினிமா பார்க்க வந்தவர்களில் சிலருக்கு அப்போதுதான் பொரித்த பாப்கார்னையும் சிலருக்கு ஒரு வாரம் ஆகி நமுத்துப் போனதையும் கொடுத்தார்கள். தியேட்டரில் பாப்கார்ன் தின்றே பழக்கப்பட்டவர்கள் இரண்டையும் ஒரே அளவு தின்றார்கள். நன்றாக இல்லை என்று அவர்களே சொன்னார்கள், ஆனால் கை நிற்கவில்லை. தியேட்டருக்குப் பதிலாகக் கூட்ட அறை ஒன்றில் உட்கார வைத்துக் கொடுத்தபோது, நமுத்ததைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த இருட்டும் திரையும்தான் கையை ஆட்டுவித்திருக்கின்றன. வழக்கமாகச் சாப்பிடாத கையால் எடுக்கச் சொன்னபோதும் தின்னும் அளவு குறைந்தது. பழக்கம் தடுமாறியதும் வாய் நாக்கைக் கேட்டிருக்கிறது.

வீட்டில் ஒருநாள் கவனித்துப் பாருங்கள். போனில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, மடியில் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட். முதல் துண்டு நாக்கில் பட்டதும் உப்பும் காரமும் தெரியும், பல்லுக்கு இடையில் மொறுமொறுப்பு கேட்கும். பத்தாவது துண்டில் மொறுமொறுப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். அதற்குப் பிறகு கை போவதும் வருவதும்தான். பாக்கெட்டின் அடியில் விரல் தூளைத் தேடும்போதுதான் தீர்ந்துவிட்டது என்று தெரிகிறது. ரசிப்பு எப்போதோ எழுந்து போய்விட்டது, நாட்டம் மட்டும் கடைசி வரை வேலை பார்த்திருக்கிறது.

வாசனையே மணி அடிக்கும்

சரி, இந்த நாட்டம் எப்போது விழித்துக்கொள்கிறது? வொல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதற்குப் பதில் தந்தன. குரங்கின் வாயில் பழச்சாறு சொட்டுச் சொட்டாக விழும். அந்த நேரத்தில் டோபமின் நரம்பணுக்கள் துடிப்பதைக் கருவி பதிவு செய்யும். பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு விளக்கு எரியும்படி செய்தார்கள். சில முறை பழகியதும் துடிப்பு இடம் மாறிவிட்டது. விளக்கு எரியும்போதே நரம்பணுக்கள் துடித்தன, சாறு வரும்போது அமைதியாக இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வழக்கமான துடிப்பும் அடங்கியது. ஏமாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

பஜ்ஜிக் கடை வாசனை, எண்ணெயில் மாவு விழும் 'சொய்ங்' சத்தம், போனில் உணவுச் செயலி அனுப்பும் தள்ளுபடிச் செய்தி, ரயில் மணப்பாறையில் நின்றதும் ஜன்னலோரம் வரும் முறுக்குக் கூடை என எல்லாமே அந்த விளக்குதான். பண்டம் வாய்க்குள் போவதற்கு முன்பே ஆசை உச்சத்துக்கு ஏறிவிடுகிறது. சில நேரம் தின்றபின் 'அவ்வளவுதானா?' என்று தோன்றுவதற்கும் இதுவே காரணம். எதிர்பார்ப்பு அவ்வளவு உயரத்துக்குப் போன பிறகு, பஜ்ஜி பஜ்ஜியாக மட்டும்தானே இருக்க முடியும்.

அடிக்கடி காதில் விழும் ஒரு நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும்: 'உடம்பில் எந்தச் சத்து குறைகிறதோ அதைத்தான் வாய் கேட்கும்.' கேட்க நன்றாக இருந்தாலும் பெரும்பாலான ஆசைகளுக்கு இது பொருந்தாது. சத்துக் குறைவு காரணம் என்றால் நமக்குக் கீரையும் கேழ்வரகும்தான் ஓயாமல் தோன்ற வேண்டும், ஜாங்கிரி தோன்றக் கூடாது. ஆசையை வளர்ப்பதில் ஊருக்கும் பழக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கப் பெண்கள் சாக்லெட் ஆசையைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். ஜப்பானியப் பெண்களிடம் கேட்ட ஆய்வு ஒன்றில் சோறும் சுஷியும் வந்தன. நமக்கு மழை பெய்தால் பஜ்ஜி. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தயிர் சாதமும் மாவடுவும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை அலட்சியம் செய்யக் கூடாது. பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பது, சிலேட்டுப் பல்பம், சாம்பல், மண், ஐஸ்கட்டி போன்றவற்றைத் தின்னத் தோன்றுவது ஆகியவை இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவதுண்டு. கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் அதிகம் பார்க்கலாம். 'மசக்கையில் அப்படித்தான் இருக்கும்' என்று சிரித்துவிட்டுப் போகாமல் ரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிட வேண்டும்.

இலை நிறைய வகை

கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டு, 'இனி ஒரு வாய் இறங்காது' என்று சொன்னவர் பாயச வாளி வந்ததும் இலையில் இடம் காட்டுவார். இதைப் பேராசை என்று கேலி செய்வார்கள். உண்மையில் இது மூளையின் இயல்பு. ஒரு பண்டத்தைத் தின்னத் தின்ன, அந்தப் பண்டத்தின் மேல்தான் சலிப்பு வருகிறது. வேறு ருசியின் மேல் ஆர்வம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பார்பரா ரோல்ஸும் எட்மண்ட் ரோல்ஸும் 1981-இல் இதை விளக்கினார்கள். ஒரே பூரணம் வைத்த சாண்ட்விச் கொடுத்தபோது தின்றதைவிட, நான்கு வகைப் பூரணங்கள் மாறி மாறி வந்தபோது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாகத் தின்றார்கள். ஒரே பொருளைத் தின்றுகொண்டிருந்தால் எல்லாச் சத்தும் கிடைக்காது என்பதால் பலவகை தேடும்படி உயிர்களுக்கு அமைந்த குணம் இது என்று கருதுகிறார்கள்.

நம் இலைச் சாப்பாட்டைப் போட்டவர்களுக்கு இந்த ஆய்வு தேவைப்படவில்லை. இனிப்பு, உப்பு, புளிப்பு, காரம், துவர்ப்பு எல்லாம் துளித்துளியாக இலையின் மேல்பாதியில் இருக்கும். பருப்பில் தொடங்கிச் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் என்று ஒவ்வொன்றும் முந்தையதன் சலிப்பைக் கலைக்கும். கன்னியாகுமரிப் பக்கம் பாயசத்தை இலையிலேயே விட்டு, பழத்தையும் அப்பளத்தையும் அதில் நொறுக்கிப் பிசைவார்கள். இனிப்போடு அப்பளத்தின் உப்பும் மொறுமொறுப்பும் சேரும்போது நாக்கு திகட்ட மறந்துவிடும். அதற்குப் பிறகு ரசமோ மோரோ விட்டு இன்னொரு சுற்று. விருந்து என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். வருடத்தில் சில நாள் வருகிற இந்தச் சாப்பாட்டைக் கலோரி கணக்குப் போட்டுக்கொண்டு சாப்பிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. தினசரி ராத்திரிச் சாப்பாட்டு மேசையிலும் ஏழெட்டு வகை கொறிக்க இருப்பதுதான் சிக்கல்.

சிக்கலை இன்னும் பெரிதாக்குவது தொழிற்சாலையில் தயாராகும் பாக்கெட் தீனி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேரை 28 நாள் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்கள். 14 நாள் ஆலைத் தயாரிப்புகள், 14 நாள் வீட்டுச் சமையலுக்கு நெருக்கமான உணவு. இரண்டிலும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பரிமாறிய உணவில் இருந்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஈடாகவே இருந்தன. ஆலைத் தயாரிப்பு நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடையும் கூடியது. மற்ற 14 நாளில் ஏறக்குறைய அதே அளவு எடை குறைந்தது. இவ்வளவுக்கும் அந்த ஆலை உணவு அதிக ருசி என்று அவர்கள் மதிப்பெண் போடவில்லை. ஆனால் அது வேகவேகமாக உள்ளே போயிருக்கிறது, மென்மையாக இருந்தது காரணமாக இருக்கலாம்.

அடக்கினால் என்ன ஆகும்?

ஆசை வந்தால் அடக்கு என்பது எல்லோரும் தரும் புத்திமதி. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வைப் பார்த்தால் அந்தப் புத்திமதியின் எல்லை தெரியும். போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று அறிய, 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடை நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் என்னை அதிகம் பாதிப்பது அவர்கள் மனசுக்கு நேர்ந்ததுதான். சாப்பாடு தவிர வேறு பேச்சு இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைக் கதைப்புத்தகம் போலப் படித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்தார்கள். கிடைத்த கொஞ்ச உணவை மணிக்கணக்கில் அளைந்து சாப்பிட்டார்கள். ஆய்வு முடிந்த பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் போதவில்லை.

அது கடும் பட்டினி. சாதாரணமாக 'டயட்' இருப்பவர்களுக்கு நடப்பது வேறு மாதிரி. 1975-இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் இருவரும் கல்லூரிப் பெண்களுக்கு ஐஸ்கிரீம் ருசி பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அதற்கு முன் சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுக்கப்பட்டது. சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள், அது இயல்பு. எடையைப் பற்றிக் கவலைப்பட்டு வாயைக் கட்டுகிறவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற கணக்குதான். ஒரு ஜாமூனில் கெட்டுப்போகிற விஷயம் ஒன்றும் இல்லை. 'சரி, இன்னிக்குக் கெட்டது கெட்டுப்போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்' என்ற நினைப்புதான் மீதி ஒன்பது ஜாமூனையும் தின்ன வைக்கிறது.

அப்படியானால் புரட்டாசி முழுக்கக் கறி மீன் இல்லாமல் இத்தனை வீடுகள் எப்படி நிம்மதியாக இருக்கின்றன? எனக்குத் தோன்றுவது இதுதான்: அங்கே தனியொருவர் ஆசையோடு மல்லுக்கட்டுவதில்லை. வீட்டில் வாங்குவது இல்லை, சமைக்கும் வாசனை இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை. தினமும் 'சாப்பிடலாமா வேண்டாமா' என்று முடிவெடுக்கும் வேலையும் இல்லை. விளக்கே எரியாத இடத்தில் நாட்டத்துக்கு விழிப்பு வராது.

ஆசை வரும் அந்த நிமிடத்தில்

அமெரிக்காவில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் 1960-களின் கடைசியில் குழந்தைகள் முன் ஒரு மிட்டாயை வைத்து, காத்திருந்தால் இரண்டு தருகிறேன் என்று சொல்லிப் பார்த்த சோதனை பிரபலமானது. காத்திருந்த குழந்தைகள் வாழ்க்கையில் முன்னேறினார்கள் என்று மேடைதோறும் சொல்வார்கள். 2018-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வேறுபாடு பெருமளவு கரைந்துபோனது. ஆகவே அந்த மேடைக் கதையை விட்டுவிடலாம். மிஷலின் சோதனைகளில் கிடைத்த சின்ன உண்மை ஒன்றுதான் நமக்கு உதவும்: மிட்டாயை மூடி வைத்தபோது குழந்தைகள் நெடுநேரம் காத்திருந்தார்கள். முறுக்கு டப்பா கண்ணாடியாக இருப்பதற்கும் எவர்சில்வராக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. மேல் அலமாரியில் இருந்தால் இன்னும் நல்லது. உணவுச் செயலியின் அறிவிப்பை நிறுத்தி வைப்பதும் இதே வேலைதான்.

ஆசை கிளம்பிய பிறகு அதற்குத் தீனி போடுவது மனதில் ஓடும் படம். பிரியாணித் தட்டு, அதன் ஆவி, கூடவே ஒரு துண்டு கறி என்று கற்பனை விரிய விரிய ஆசை ஏறும். மனக்கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் அது தளரும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் திரையில் விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை மூன்று நிமிடம் ஆடச் சொன்னபோதே ஆசையின் வேகம் குறைந்தது. கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் விட்டு வாடிய இலையைக் கிள்ளுவது என்று கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் எதுவும் உதவும் என்று நினைக்கிறேன்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களோடு வேலை செய்த ஆலன் மார்லட் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஆசை கடல் அலை மாதிரி, எழும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். அதோடு சண்டை போடாமல் உடம்பில் எங்கே தெரிகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டு இருக்கலாம் என்றார் அவர். வாயில் எச்சில் ஊறுகிறதா, நெஞ்சில் ஒரு பரபரப்பா, கை எதையாவது தேடுகிறதா? கொஞ்ச நேரம் அப்படிப் பார்த்தாலே பல ஆசைகள் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சாப்பிடலாம். அப்போது சாப்பிடுவது நாமாக எடுத்த முடிவு.

தூக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2004-இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கியபோது இருந்ததோடு ஒப்பிட்டால் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது, லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேல்தான் ஆசை அதிகம் வந்தது. ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்துவிட்டு மறுநாள் வாயைக் கட்ட முயல்வது வீண் சிரமம்.

ஆசைக்குச் சாப்பிடுவது என்றால்

ஆசைக்குச் சாப்பிடுவதை நான் தவறு என்று சொல்லவே மாட்டேன். சாப்பிடுவதை ரசித்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். திருநெல்வேலியில் அல்வா வாங்குகிறவர்களைப் பாருங்கள். கால் கிலோ பொட்டலம் வீட்டுக்கு என்றால், கடை வாசலில் தின்பதற்குத் தனியாக நூறு கிராம். வாழை இலைத் துண்டில் சூடாக வைத்துத் தருவார்கள். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து, விரலில் எடுத்தால் வழுக்கும். வாயில் வைத்தால் மெல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் இறங்கும், நெய் உதட்டோரம் மினுங்கும். யாரும் அந்த நேரத்தில் போனைப் பார்ப்பதில்லை. நாலைந்து வாயில் முடிந்துவிடும், நாக்குக்கும் அது போதும்.

வீட்டிலும் அப்படிச் செய்யலாம். பாக்கெட்டிலிருந்து நேராக எடுக்காமல் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இருக்கிறதிலேயே நல்லதை வாங்குங்கள். சுமாரான இனிப்பு அரைக் கிலோவைவிட, நல்ல நெய் மைசூர்பாகு இரண்டு துண்டு மேல். முதல் சில வாய்களைக் கவனித்துச் சாப்பிடுங்கள், ருசி அங்கேதான் அதிகம். பாதியில் ருசி மங்கினால் மீதியை மூடி வைக்கலாம், நாளைக்கு அது திரும்பவும் முதல் வாய் ஆகும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எவ்வளவு, எப்போது என்று டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். திருட்டுத்தனமாகத் தின்று மறைப்பதைவிட, கேட்டுக்கொண்டு ஒரு துண்டு தின்பது எவ்வளவோ நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் எல்லோருக்கும் வருகிற ஆசையைப் பற்றி. சிலருக்கு இது வேறு வகையில் வரும். கொஞ்ச நேரத்துக்குள் மிக அதிகமாக, நிறுத்தவே முடியாமல், பசி இல்லாதபோதும் யாருக்கும் தெரியாமல் தனியாகச் சாப்பிடுவது, பிறகு அருவருப்பும் குற்றவுணர்வும் வாட்டுவது. வாரம் ஒரு முறையாவது இப்படி நடந்து மூன்று மாதம் தொடர்ந்தால் மருத்துவத்தில் அதை மிகையுண்ணல் கோளாறு என்கிறார்கள். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று இல்லை. 'வாயைக் கட்டு' என்று அவர்களிடம் சொல்வது நிலைமையை மோசமாக்கும். இதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. மனநல மருத்துவரைப் பார்க்கலாம். முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.